மழையில தள்ளிப்போன மேட்ச்சுகள் – கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம். நாங்க இருக்கறது வேல்ஸ்ல நியூபோர்ட். பையன் பக்கத்து ரக்பி கிளப் ஜூனியர் டீம்ல சேர்ந்தான், அப்படியே சனிக்கிழமை பெரியவங்க மேட்ச்சையும் பாக்க ஆரம்பிச்சோம். ஆனா நவம்பர்லேர்ந்து பாதி நாள் "கிரவுண்ட்ல தண்ணி, மேட்ச் கேன்சல்"னு மெசேஜ்தான். கார்டிஃப் ஸ்டேடியத்துல கூரையை மூடிட்டு ஆடறாங்க, இவங்க செயற்கைப் புல்லாவது போட்டுக்கலாமே? லீக் டேபிளும் புரியல, ஒரு டீம் பதினாலு மேட்ச் ஆடியிருக்கு, எங்க டீம் பத்துதான். இதை எப்படித்தான் ஃபாலோ பண்றீங்க?

– ஒரு வாசகி, நியூபோர்ட்

வணக்கம்மா. முதல்ல அந்த டேபிளைப் பாக்கறதை ஏப்ரல் வரைக்கும் விட்டுடுங்க. ஜெயிச்சா நாலு பாயிண்ட், நாலு ட்ரை (எதிர் டீமோட கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில வைக்கறது) போட்டா ஒரு போனஸ், அப்ப உங்க டீம் பாக்கி வச்சிருக்கற நாலு மேட்ச்ல இருபது பாயிண்ட் வரைக்கும் ஒளிஞ்சிருக்கு. ஆனா அந்த இருபதையும் இப்பவே கூட்டிப் பாத்து சந்தோஷப்படாதீங்க, ஏன்னா அந்த மேட்ச் எல்லாம் பெரும்பாலும் சீசன் கடைசியில, புதன்கிழமை சாயங்காலம், லைட் போட்டு நடக்கும்.

அங்கதான் விஷயமே இருக்கு. இவங்க எல்லாம் வேலைக்குப் போறவங்க. ஒருத்தர் ஆம்புலன்ஸ்ல ஷிஃப்ட், ஒருத்தர் ஸ்வான்சீ பக்கம் கட்டட வேலை, ஆறரைக்கு கிரவுண்டுக்கு வரணும்னா நடக்கற காரியமா? பின்னாடி ஓடற விங்கர் வரலன்னா யாரையாவது இறக்கி சமாளிச்சுடலாம், ஆனா ஸ்க்ரம்ல, அதான் ரெண்டு டீம் ஆளுங்களும் குனிஞ்சு தோள் கோத்து ஒருத்தரை ஒருத்தர் தள்ளறதுல, முதல் வரிசையில நிக்கற ரெண்டு ப்ராப், ஒரு ஹூக்கர், இவங்க இடத்துல பயிற்சி இல்லாத ஆளை நிறுத்த முடியாது, கழுத்து போயிடும், ரூலே விடாது. அந்த ஆள் கிடைக்கலன்னா ரெண்டு பக்கமும் தள்ளாம சும்மா கோத்து நிக்கற ஸ்க்ரம்தான், ஸ்க்ரம்மையே நம்பியிருக்கற டீமுக்கு அன்னிக்கு பாதி பலம் போச்சு. மழை வந்த சீசன்ல ரெண்டாவது டீம்லேர்ந்து உருப்படியா ரெண்டு ப்ராப் வச்சிருக்கற கிளப்தான் மேல வரும்ங்கறது என் கணக்கு. ஸ்டார் ப்ளேயரை எல்லாம் நான் பாக்கறதில்ல.

செயற்கைப் புல் கேட்டீங்க. கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்ல 2013-லயே போட்டுட்டாங்க, அது ப்ரொஃபஷனல் டீம் ஆடற இடம். நம்ம மாதிரி கிளப் ஓடறது பார் வருமானத்துலயும், வேல்ஸ் மேட்ச் நாள்ல கிளப் ஹவுஸ் நிரம்பறதுலயும், ராஃபிள் டிக்கெட்லயும். புல் போட பல லட்சம் பவுண்டு, பத்து வருஷம் போனா மேல் விரிப்பை மாத்தணும். இன்னொன்னு, எங்க ரோண்டா பக்கம் வந்து பாத்தீங்கன்னா தெரியும், ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஆறு, சமதளம்னு கிடைக்கறதே ஆத்தங்கரையிலதான், அதனால பல கிரவுண்டு அங்கதான் இருக்கு. ஆறு பொங்கி வண்டல் உள்ள வந்துச்சுன்னா செயற்கைப் புல்லும் நாசம், நிஜப் புல்லாவது வெயில் வந்தா தானா எழுந்துக்கும்.

2020 பிப்ரவரியில டென்னிஸ் புயல் வந்தப்ப டாஃப் ஆறு பான்டிப்ரித் கடைத்தெருவுக்குள்ளயே வந்துடுச்சு, டைலர்ஸ்டவுன்ல பழைய நிலக்கரிக் கழிவு மேடு சரிஞ்சு ஆத்துல விழுந்துச்சு. அந்த வருஷம் ஈரத்துல நின்னுபோன மேட்ச்சை எல்லாம் மார்ச், ஏப்ரல்ல பாத்துக்கலாம்னு தள்ளி வச்சாங்க. மார்ச்ல கொரோனா. வேல்ஸ்–ஸ்காட்லாந்து மேட்ச்சையே முந்தின நாள்தான் நிறுத்தினாங்க, கிளப் மேட்ச் எல்லாம் எந்த மூலைக்கு? எங்க ஆளுங்க இன்னும் பார்ல உக்காந்து "அந்த ரெண்டு மேட்ச் நடந்திருந்தா..."ன்னு ஆரம்பிப்பாங்க, நான் உடனே பாத்ரூம் போற மாதிரி எழுந்துடுவேன்.

இன்னொன்னும் சொல்லணும், மழைன்னா மேட்ச் மோசம்னு நினைக்காதீங்க. 1972-ல ஸ்காட்லாந்துக்கு எதிரா வேல்ஸ் டீமோட கேரத் எட்வர்ட்ஸ் பந்தை உதைச்சுக்கிட்டே ஓடி மூலையில பாய்ஞ்சு ட்ரை போட்டுட்டு முகம் பூரா சேத்தோட எழுந்து வந்தாரு, இங்க பெரியவங்க இன்னும் பேசறது அந்த முகத்தைப் பத்திதான். கூரை மூடின ஸ்டேடியத்துல அப்படி ஒரு முகம் வராது. ஈரத்துல பந்து வழுக்கும், முன்னாடி தவறவிட்டா ஸ்க்ரம், திரும்பத் திரும்ப ஸ்க்ரம், குண்டு ஆளுங்க ராஜ்ஜியம். முதல்ல போர் அடிக்கும், உண்மைதான். ஒரு ப்ராப்பை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க, எந்த நேரத்துல அவன் முதுகு வளையுதுன்னு புரிய ஆரம்பிச்சா கண்ணை எடுக்க முடியாது.

பையனுக்கு ரெண்டு ஜோடி ஸ்டட் ஷூ வாங்கி வைங்க, ஒண்ணு காயறதுக்குள்ள அடுத்த ஞாயிறு வந்துடும். மேட்ச் நாள்ல காலையில கிரவுண்டை பாத்துட்டு கிளப் பேஜ்ல போடுவாங்க, அதைப் பாக்காம பஸ் ஏறாதீங்க.