ஐரோப்பாவின் தண்ணீர்ச் சிக்கல்: கேள்வி பதில்

பாசன நீரியல் என் துறை. வீட்டுக்கு எந்த வடிகட்டி வாங்கலாம் என்று கேட்ட நண்பர்கள் கடைக்காரரைக் கேட்பதே நல்லது.

கேள்வி: பனிமலைகளும் பெருநதிகளும் உள்ள ஐரோப்பாவில் தண்ணீர்ப் பஞ்சமா?

பதில்: ஆம். 2022 ஆகஸ்டில் ஜெர்மனியின் காவுப் ஊரில் உள்ள நீர்மட்ட அளவுமானியில் ரைன் நதி 30 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அது ஆற்றின் ஆழம் அல்ல, அளவுகோலின் எண்தான். ஆனாலும் சரக்குக் கப்பல்கள் சுமையைப் பெருமளவு குறைத்தே ஓடின. அதே கோடையில் இத்தாலியின் போ நதியும் வெகுவாக வற்றியது.

கேள்வி: கடுமையான சட்டங்கள் இருந்துமா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் நீர்க் கட்டமைப்பு ஆணையை இயற்றியது. 2015-க்குள் எல்லா நீர்நிலைகளும் 'நல்ல நிலை' அடைய வேண்டும் என்பது இலக்கு. கெடு 2027 வரை நீண்டது. 2024 அறிக்கைப்படி மேற்பரப்பு நீர்நிலைகளில் நல்ல சூழலியல் நிலையில் இருப்பவை 37 சதவீதம்தான். ஒரு பாடத்தில் தவறினாலும் மொத்தத்தில் தோல்வி என்பதுபோன்ற மதிப்பீட்டு முறை அது. அரசுகள் அதைக் குறை சொல்கின்றன. நான் சொல்ல மாட்டேன். மீனுக்கு ஒரு நஞ்சே போதும்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கினால் தீராதா?

பதில்: பார்சிலோனா அருகே 2009 முதல் ஆண்டுக்கு 6 கோடி கனமீட்டர் தரக்கூடிய ஆலை இருக்கிறது. இருந்தும் 2024 பிப்ரவரியில் அங்கே வறட்சி அவசரநிலை வந்தது. நகரத்தின் குடிநீருக்குக் கடல்நீர் ஆலை கைகொடுக்கும். மின்செலவைப் பார்த்தால் மலிவான பயிர்களுக்குக் கட்டுப்படியாகாது.

கேள்வி: ஸ்பெயின் சொட்டுநீர்ப் பாசனத்தில் முன்னணி நாடாயிற்றே. அதை எல்லோரும் பின்பற்றினால் என்ன?

பதில்: இங்கேதான் எப்போதும் எச்சரிக்கிறேன்: சொட்டுநீரில் மிச்சமாகும் தண்ணீர் ஆற்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. பழைய வாய்க்கால் பாசனத்தில் கசிந்த நீரில் ஒரு பங்கு நிலத்தடிக்கோ ஆற்றுக்கோ திரும்பியது. சொட்டுநீர் அந்தத் திரும்பும் ஓட்டத்தைக் குறைத்துவிடும். மிச்சமான நீரில் விவசாயி இன்னும் கொஞ்சம் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவருகிறார், அல்லது கூடுதல் நீர் கேட்கும் பயிருக்கு மாறுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, கடன் வாங்கிக் குழாய் பதித்தவர் அவர். ஆனால் தண்ணீர் எடுக்க அவருக்குள்ள உரிமத்தின் அளவு அப்படியே இருந்தால், ஆற்றின் வடிநிலம் முழுவதிலும் செலவாகும் நீர் கூடிவிடும். சொட்டுநீருக்கு மானியம் கொடுக்கும்போதே உரிமத்தின் அளவைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: ஸ்பெயினின் முர்சியாவில் பசுமைக்குடிலில் வேலை செய்கிறேன். சொட்டுநீர் இல்லாவிட்டால் இங்கே ஒரு தக்காளிகூட விளையாது. அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறீர்கள்.

பதில்: சொட்டுநீரை நான் எதிர்க்கவில்லை ஐயா, உரிமத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். உங்கள் ஊருக்கு தாகோ நதியிலிருந்து வரும் கால்வாய் 1979-இல் திறந்தது. ஆண்டுக்கு 60 கோடி கனமீட்டர் வரை தரலாம் என்று எழுதினார்கள். வந்தது சராசரியாக அதில் பாதியை ஒட்டித்தான். நாற்று நட்டதோ காகிதத்தில் இருந்த அளவை நம்பி. பற்றாக்குறையை ஆழ்துளைக் கிணறுகள் சுமந்தன.

கேள்வி: கடல்நீரைப் பயன்படுத்தலாமே?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: மக்களே நிர்வகிக்கும் முறை எங்காவது உண்டா?

பதில்: ஸ்பெயினின் வலென்சியா நகரம்! வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். ஒவ்வொரு வாய்க்காலின் பாசன விவசாயிகளுடைய பிரதிநிதிகளே நீதிபதிகள். வழக்கு முழுவதும் வாய்மொழி, வழக்கறிஞர் கிடையாது. 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. போனால் தவறவிடாதீர்கள்.

கேள்வி: குழாய்க் கசிவு?

பதில்: இத்தாலியில் விநியோகக் குழாய்களில் விடப்படும் நீரில் 40 சதவீதத்துக்கும் அதிகமான பங்கு வீடு சேராமலே வீணாகிறது. இதில் ஆராய ஒன்றுமில்லை, குழாயை மாற்ற வேண்டும்.

கேள்வி: கடல்நீர் ஆலைகளை ஏன் யாரும் யோசிப்பதில்லை?

பதில்: முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: மீண்டும் முர்சியாவிலிருந்து. சரி, உரிமத்தைக் குறைத்தால் இழப்பீடு யார் தருவது?

பதில்: நியாயமான கேள்வி. ஸ்பெயினின் லா மாஞ்சா பகுதியில் நிலத்தடி நீர் வற்றியதால் தப்லாஸ் தே தைமியேல் சதுப்புநிலமே காய்ந்து, 2009-இல் மண்ணுக்கடியில் மக்கிக் கிடந்த தாவரப் படிவு தீப்பற்றிப் புகைந்தது. அங்கே அரசு விவசாயிகளிடம் நீருரிமைகளை விலைக்கு வாங்கத் திட்டம் போட்டது; நிதி நெருக்கடி வந்ததும் அது முடங்கியது. மறுபடி வாங்குவதானால் காகிதத்தில் உள்ள அளவை வாங்கக் கூடாது, உண்மையில் இறைத்த அளவை வாங்க வேண்டும். அதற்குக் கிணற்றில் மீட்டர் வேண்டும். உங்கள் பண்ணையில் இருக்கிறதா?