"தோட்டக்காட்டான்" என்ற சொல் முறைப்பாட்டில் எழுதப்பட்டதா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். ஆட்டோ ஓட்டும் என் தம்பியைச் சென்ற வாரம் கடைத்தெருவில் நான்கு பேர் மறித்து, "தோட்டக்காட்டான், இந்தியாவுக்குப் போ" என்று ஏசி அடித்தார்கள். ஆட்டோவின் கண்ணாடியையும் உடைத்துவிட்டார்கள். பொலிஸில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கண்ணாடிக்குப் பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகும்படி தோட்டத் தலைவர் சொல்கிறார். லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பையன்களோ திருப்பி அடிக்கத் துடிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்தக் கையெழுத்தைப் பார்ப்போம். மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் "தோட்டக்காட்டான்" உட்பட, அவர்கள் தம்பியை ஏசிய சொற்கள் அந்த வாக்குமூலத்தில் இருக்கின்றனவா? "கைகலப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால், வழக்கு இரண்டு தரப்புச் சண்டையாகிவிடும். இலங்கையில் வெறுப்புக் குற்றம் என்ற பெயரில் தனிச்சட்டம் கிடையாது. அதனால் ஏன் அடித்தார்கள் என்பதை நாம்தான் ஏட்டில் ஏற்றவேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. நாளையே தம்பியை அழைத்துச் சென்று, மேலதிக வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள். ஏசிய சொற்களை, எவ்வளவு கூசினாலும், அப்படியே சொல்லச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். காயம் ஆறுவதற்குள் அரசாங்க வைத்தியசாலையில் சட்ட வைத்திய அறிக்கைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அடித்ததற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு, சமாதானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு அவமதித்ததற்கு 484ஆம் பிரிவு, கண்ணாடி உடைத்ததற்குச் சொத்துச் சேதப் பிரிவு என்று வழக்குத் தொடரலாம்.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தைப் பலர் கேட்பார்கள். அதன் 3ஆம் பிரிவு, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் இன, மத வெறுப்புப் பரப்புரையைத் தண்டிக்கிறது. பத்து ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. மேல் நீதிமன்றம் மட்டுமே பிணை வழங்கலாம். ஆனால் சண்டையில் வாய்தவறி வந்த வசை அதற்குள் அடங்காது. "இவர்களை விரட்டுங்கள்" என்று கூட்டத்தை ஏவியிருந்தால், அல்லது அதைக் காணொளியாகப் பரப்பியிருந்தால், அது வேறு கதை. இந்தச் சட்டத்தை அளந்துதான் எடுக்கச் சொல்வேன். 2019இல் ஹசலக்கவில், கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிட்ட உடை அணிந்த ஒரு முஸ்லிம் பெண்ணை, அது தர்மச் சக்கரம் என்று சொல்லி இதே சட்டத்தில்தான் கைது செய்தார்கள்.

பொலிஸ் வாக்குமூலத்தை எடுக்க மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள். 1996 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவும் அதே ஒரு மாதம்தான் கெடு. ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

தலைவரிடம் ஒன்று சொல்லுங்கள்: கண்ணாடிக்குப் பணம் வாங்கலாம், அந்தச் சொல்லுக்கு விலை பேசவேண்டாம். சமாதானத் தாளில் தம்பி படிக்காமல் ஒரு எழுத்தும் போடக்கூடாது.

பையன்களின் கோபம் நியாயமானது. 1983ஆம் ஆண்டின் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தைப் பார்த்த பெரியவர்கள் அந்த லயங்களில் இன்னும் இருப்பார்கள். ஒரு கல் எறிந்தால் பிறகு எவ்வளவு எரியும் என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். பையன்களுக்கு வேறு வேலை இருக்கிறது. கடைத்தெருவில் நடந்ததைப் பார்த்த சிங்களக் கடைக்காரர் யாராவது இருப்பார். அவரிடம் மரியாதையாகப் போய், சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்கட்டும்.