காகினைப் பார்த்துச் சிரித்த தீவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022 வெனிஸ் பியன்னாலே என்னும் சர்வதேசக் கலைக் கண்காட்சியில், பசிபிக் தீவு நாடான சமோவாவின் ஃபாஃபாஃபினேக்கள் இடம்பெற்றதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ஆணாகப் பிறந்து பெண்பாங்கில் வாழும் தீவுவாசிகளை ஐரோப்பியர் முன் நிறுத்துவது பண்பாட்டுப் பரிமாற்றமா, பழைய காட்சிப்பொருள் வணிகமா? எதிர்ப்பாலின வேடமிட்டு மேடையேறும் டிராக் என்பதே மேற்கத்தியக் கேளிக்கைதானே? இதனால் அந்தத் தீவுக்கு என்ன பயன்?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் ஐயம் நியாயமானது. 1895க்கும் 1911க்கும் இடையில் சமோவா மக்களைக் குழுக்களாக ஜெர்மனிக்கு அழைத்துச் சென்று, ஊர் ஊராகக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார்கள். ஆனால் வெனிஸில் நியூசிலாந்தின் அரங்கை உருவாக்கிய கலைஞர் யூகி கிஹாரா தாமே ஒரு ஃபாஃபாஃபினே. எதைக் காட்டுவது, யாரைக் கேலி செய்வது என்று முடிவெடுத்தவர் அவர்தான்.

அங்கே வேடிக்கைப் பொருளானவர் பிரெஞ்சு ஓவியர் பால் காகின். பசிபிக் தீவான தாஹித்தியை ஐரோப்பியரின் ஏக்கத்துக்கேற்ற சொர்க்கமாகத் தீட்டிய அவருடைய ஓவியங்களை, சமோவாவின் உபோலு தீவில் ஃபாஃபாஃபினேக்களை நடிக்கவைத்து 12 புகைப்படங்களாகக் கிஹாரா மீண்டும் அமைத்தார். இன்னொரு படைப்பு, தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சியின் பாணியில் எடுக்கப்பட்ட காணொளி. காகினின் ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றில் இருப்பவர்களின் தோற்றத்தைப் பற்றி ஃபாஃபாஃபினேக்கள் தயவுதாட்சண்யமின்றி வம்பு பேசுகிறார்கள். கலை விமர்சகர்கள் நூறாண்டாகப் பேசாத தொனி அது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, கிஹாரா ஒப்பனையும் மீசையும் தொப்பியுமாகக் காகினாகவே மாறி எடுத்துக்கொண்ட படம். டிராக் என்றதும் நாம் எதிர்பார்க்கும் பெண் வேடம் அங்கே இல்லை. வேடமாகிப்போனது ஐரோப்பிய ஆண்மைதான்.

டிராக் மேடையின் பளபளப்பும் போட்டிகளும் வெளியிலிருந்து வந்தவை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேலிக்குச் சமோவாவிலேயே வேர் இருக்கிறது. ஃபாலே ஐத்து என்னும் அவர்களுடைய நகைச்சுவை நாடகத்தில் ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள். பாதிரியாரையும் ஊர்த்தலைவரையும் முகத்துக்கு நேரே கிண்டல் செய்வார்கள். பேசுவது நடிகர் அல்ல, அவர்மேல் வந்திருக்கும் ஆவி என்பது ஐதீகமாதலால், யாரும் அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. ஃபாஃபாஃபினேயாக வாழ்வது வேறு, வேடம் கட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்றாலும், அதிகாரத்தில் இருப்பவரைப் போல நடித்தே அவரைச் சிறுமைப்படுத்தும் கலையை அந்தத் தீவு யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை.

பயன் என்று கேட்டால், அதை வெனிஸில் தேடாதீர்கள். ஆண் பெண்ணாக வேடமிடுவதைக் குற்றமாக்கிய பழைய சட்டப் பிரிவு சமோவாவில் 2013இலேயே நீங்கியது. சட்டச் சீர்திருத்தம் வேண்டி வாதாடியது, 2006இல் உள்ளூரிலேயே உருவான சமோவா ஃபாஃபாஃபினே சங்கம். ஆண்களுக்கு இடையிலான உறவைத் தண்டிக்கும் பிரிவு அந்த 2013 சட்டத்திலும் தொடர்ந்தது. அதை எந்தப் பியன்னாலேயும் எடுத்துத் தராது. சமோவாவின் தலைநகர் அபியாவில் உள்ள நாடாளுமன்றம்தான் எடுக்க வேண்டும்.