முதலில் கடிகாரத்தை வெளியே எடுங்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு கடன் நிறுவனத்தின் ஜாவா மென்பொருளை எங்கள் குழு பராமரிக்கிறது. வயது பன்னிரண்டு. அதில் தவணை கணக்கிடும் கிளாஸ் (நிரலின் ஒரு தனி அலகு) தானே தரவுத்தளத்தைத் திறக்கிறது, தானே எஸ்எம்எஸ் அனுப்புகிறது. டெஸ்ட் எழுதப்போய் ஒரு வாடிக்கையாளருக்கு உண்மையாகவே அபராத எஸ்எம்எஸ் போய்விட்டது. நிரலின் பாகங்களைத் தானே கோத்துத் தரும் ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பைக் கொண்டுவந்து மொத்தத்தையும் டிபெண்டன்சி இன்ஜெக்ஷனுக்கு மாற்றலாம் என்கிறேன். குழுவின் மூத்தவர், ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்கிறார். என்ன செய்யலாம்?

ம.

அன்புள்ள ம.,

அந்த வாடிக்கையாளரை நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. நானும் ஒருமுறை இதைச் செய்திருக்கிறேன், எண்ணூறு பேருக்கு.

ஸ்பிரிங்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் என்று மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் வைத்த பெயர்தான் மிரட்டுகிறது. ஒரு கிளாஸ் தனக்கு வேண்டியதைத் தானே 'நியூ' போட்டு உண்டாக்காமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு கன்ஸ்ட்ரக்டர், அதாவது கிளாஸிலிருந்து ஒரு பொருளை உண்டாக்கும்போது ஓடும் பகுதி, போதும்.

உங்கள் கிளாஸில் நான் முதலில் தேடுவது, கணினியின் கடிகாரத்திடம் இன்றைய தேதியைக் கேட்கும் 'லோக்கல்டேட்.நவ்' என்ற வரியை. கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஆனால் அபராதம் கணக்கிடும் நிரலில் இப்படி ஒரு வரி இல்லாமல் இராது. அது உள்ளே இருக்கும்வரை, பிப்ரவரி 29 அன்று தவணை தவறினால் என்ன ஆகும் என்று பார்க்க 2028 வரை காத்திருக்க வேண்டும். ஜாவா 8 முதல் இதற்கென்றே 'கிளாக்' என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டரில் ஒரு கிளாக்கைக் கேட்டு வாங்கி, 'நவ்'வுக்குள் கொடுங்கள். டெஸ்டில் 'கிளாக்.ஃபிக்ஸ்டு' கொண்டு எந்தத் தேதியிலும் காலத்தை நிறுத்திவைக்கலாம்.

இந்தக் கிளாஸை அழைக்கிற நாற்பது இடங்களும் உடைந்துவிடாதா என்று மூத்தவர் கேட்பார். உடையாது. எதையும் கேட்காத பழைய கன்ஸ்ட்ரக்டரை அழிக்காதீர்கள். அதன் உள்ளே ஒரே வரி: நிஜக் கடிகாரத்தைக் கொடுத்துப் புதிய கன்ஸ்ட்ரக்டரை அழைக்கட்டும். பழைய இடங்களுக்கு எதுவும் மாறியதே தெரியாது. மொத்த மாற்றம் ஐந்தாறு வரிதான். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே செய்யுங்கள்.

அடுத்து எஸ்எம்எஸ். அனுப்பும் வேலைக்கு ஒரே மெதட் (செயல்) உள்ள இன்டர்ஃபேஸ், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம். டெஸ்டுக்கு, அனுப்பாமல் பட்டியலில் குறித்துக்கொள்ளும் ஒரு போலி. தரவுத்தளத்தைக் கடைசியில் தொடுங்கள், அதற்கு வாரங்கள் ஆகும். வட்டிக் கணக்கின் கூட்டல் பெருக்கலுக்கெல்லாம் இன்டர்ஃபேஸ் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பைத்தியம் பிடித்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

போகப் போக கன்ஸ்ட்ரக்டர் ஒன்பது பொருள்களைக் கேட்டு நிற்கும். பார்க்கவே கூசும். அதை மறைக்க, எதைக் கேட்டாலும் எடுத்துத் தரும் ஒரு பொதுப் பெட்டியை உள்ளே நுழைக்கத் தோன்றும். வேண்டாம். அந்த ஒன்பதும் முன்பே இருந்தவைதான், 'நியூ'க்களாகப் பதுங்கியிருந்தன. இப்போது கண்ணில் படுவதால்தான், அபராதக் கணக்கு வேறு, அறிவிப்பு வேறு என்று கிளாஸை எங்கே வெட்டலாம் என்பது தெரிகிறது.

பழைய கன்ஸ்ட்ரக்டரை அழைப்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்த பிறகு, நிரல் தொடங்கும் இடமான 'மெயின்' மெதடில் எல்லாவற்றையும் கையாலேயே கோத்துப் பாருங்கள். அந்தப் பகுதி நீண்டு எரிச்சலூட்டத் தொடங்கும்போது ஸ்பிரிங் பற்றி எழுதுங்கள், பேசுவோம். அதற்கெல்லாம் முன்பு, டெஸ்ட் ஓடும் கணினியிலிருந்து எஸ்எம்எஸ் சேவையின் கடவுச்சொல்லை நீக்கிவிடுங்கள். இன்றைக்கே.