"ஃபுட் கிரேட் இங்க்" என்று அச்சகத்தில் சொன்னால் போதுமா?

கேள்வி: வீட்டில் முறுக்கு, மிக்சர் செய்து விற்கிறேன். பெயர் அச்சடித்த கவர் போடப் போகிறேன். "ஃபுட் கிரேட் இங்க்தான்" என்கிறார் அச்சகத்தார். நம்பலாமா?

அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். டப்பாவில் மை நன்றாக இருந்தாலும் அடிக்கிற விதம் கெட்டால் கவர் கெட்டதுதான்.

மலிவாகச் சொன்னார் என்றால் அநேகமாக ஒற்றை அடுக்கு ஃபிலிமில் மேற்பக்கம் அடிப்பார். மை வெளியேதானே என்று தோன்றும். ரோலாகச் சுற்றும்போது அந்த வெளிப்பக்கம் அடுத்த சுற்றின் உள்பக்கத்தில் அழுந்திக் கிடக்கும். அப்போது மை அங்கே ஒட்டிக்கொள்வதைத் தொழிலில் செட்-ஆஃப் என்பார்கள். நிறம் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும், நிறமில்லாத பொருள் ஒட்டினால் தெரியாது. 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐ.டி.எக்ஸ். வந்தது இப்படித்தான். யூவி மை விளக்கொளியில் இறுகுவதற்காகச் சேர்க்கும் பொருள் அது. அந்த அட்டைப்பெட்டியில் அலுமினிய அடுக்கு இருந்தது. ஆனால் ரோலிலேயே உள்பக்கத்தில் ஒட்டிவிட்டதை அலுமினியம் எப்படித் தடுக்கும்?

லேமினேட் பவுச்சில் மை இரண்டு ஃபிலிம்களுக்கு நடுவில் இருக்கும். அங்கே தொல்லை சால்வென்ட், அதாவது மையை இளக்கச் சேர்க்கும், காயும்போது ஆவியாகிப் போக வேண்டிய திரவம். எத்தில் அசிடேட் 77 டிகிரியில் கொதிக்கும், டொலுவீனுக்கு 110 வேண்டும். மெஷினை வேகமாக ஓட்டி டிரையர் சூட்டைக் குறைத்தால் டொலுவீன் உள்ளேயே தங்கிவிடும். உள்ளடுக்குப் பாலிதீன் அதைத் தடுக்காது, எண்ணெய்ப் பண்டம் இழுத்துக்கொள்ளும். உணவுப் பொதி அச்சு மைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15495. அதன் 2020 திருத்தம் டொலுவீனை விலக்கிவிட்டது. ஆனால் மை கம்பெனி சான்றிதழோடு ஒழுங்காகக் கொடுத்த மையில் பிரஸ்காரர் இளக்குவதற்கு டொலுவீன் ஊற்றினால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. அதனால் "என்ன மை?" என்பதோடு "எதை ஊற்றி இளக்குகிறீர்கள்?" என்றும் கேளுங்கள்.

அந்த இரண்டு ஃபிலிம்களை ஒட்டும் பசையையும் மறக்காதீர்கள். இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேன் பசை இறுக 40–50 டிகிரி அறையில் ஓரிரு நாளாவது வேண்டும். அதன் ஒரு பாகத்திலுள்ள ஐசோசயனேட் இறுகாமல் மிஞ்சினால் ஈரத்தோடு சேர்ந்து அரோமேட்டிக் அமீனாக மாறும், அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. "நாளைக்கே வேணும்" என்று நீங்களே நெருக்காதீர்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: ஐ.எஸ். 15495 உறுதிமொழி, எஞ்சிய சால்வென்ட் சோதனை அறிக்கை, மைக்ரேஷன் (கவரிலிருந்து பண்டத்துக்குள் இறங்கும் பொருள்களின் அளவு) அறிக்கை. கடைசியதில் மொத்த வரம்பு ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம். தண்ணீரில் சோதித்த அறிக்கை முறுக்குக்கு உதவாது, எண்ணெய்ப் பண்டத்துக்குரிய சோதனை வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பவுச்சை நறுக்கிச் சுத்தமான கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துத் திறந்து முகருங்கள். தின்னர் வாடை வந்தால் சரக்கைத் திருப்புங்கள். வாடை இல்லை என்பதாலேயே பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

சிறு வியாபாரிகளைப் பயமுறுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆர்டர் சிறியதென்றால் அச்சில்லாத லேமினேட் பவுச் வாங்கி, வெளியே சின்னதாகக் காகித லேபிள் ஒட்டினாலே போதும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சூடான வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018 விதிகளிலேயே தடுத்தாயிற்று. அந்த மை காய்வதே இல்லை, அதிலுள்ள எண்ணெய் தாளுக்குள் ஊறி நிற்கிறது, அவ்வளவுதான். வடையின் சூட்டு எண்ணெய் பட்டதும் கரைந்து வந்துவிடும். பவுச்சுக்கு இத்தனை கேள்வி கேட்கிற நாம் அந்த வடையை மட்டும் பேசாமல் வாங்கித் தின்கிறோம். எனக்கு அதுதான் ஆறவில்லை.