குடிபூரலுக்குப் பிறகு மிஞ்சும் வேலைகள்: நுகர்வோர் கேள்வி – பதில்

கேள்வி: ஆனியில் குடிபூரல் முடிந்தது. கூரையும் கதவு யன்னலும் போட்டாயிற்று. வெளிப்பூச்சு, கூரைப் பீலி, விறாந்தைக்கு மாபிள், உள்ளே பெயின்ற், முன் கேற் எல்லாம் மிச்சம். வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஒரே தடவைதான் காசு அனுப்புவானாம். மேசன் மாபிளிலிருந்து தொடங்குவோம் என்கிறார். எதை முதலில் செய்வது? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: மாபிளில் தொடங்குவது மேசனுக்கு வசதி. வீட்டுக்கு அல்ல. இப்போது ஆவணி. ஐப்பசியில் வாடைக்காற்று மழை பிடித்தால் மார்கழி வரை வன்னியில் வெளிவேலை நம்பிச் செய்ய முடியாது. பூசாத சீமெந்துக்கல் சுவர் அந்த மழையை அப்படியே குடிக்கும். உள்ளே எவ்வளவு விலையான பெயின்ற் அடித்திருந்தாலும் தைக்குள் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். ஆகவே காசை முதலில் வெளியே இறக்குங்கள். வெளிப்பூச்சு, பீலி, பீலித் தண்ணீர் அத்திவாரத்தடியில் தேங்காமல் ஓட ஒரு சின்ன வாய்க்கால். பூச்சுக்கு ஒரு கிழமையாவது காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும். அப்புறம் நாலு கிழமை காயவிட்டுத்தான் பெயின்ற். மழைக்கு முன் அதற்கு நேரம் இல்லையென்றால் பூச்சோடு நிறுத்தி, பெயின்ரை மாசிக்குத் தள்ளிவிடுங்கள். விறாந்தை இந்த மாரிக்குச் சீமெந்து நிலமாகவே கிடக்கட்டும்.

இரும்புக் கேற்றுக்கும் அவசரமில்லை. கட்டாக்காலி மாடுதான் பிரச்சினையென்றால் நாலு கதியாலும் முள்ளுக்கம்பியும் இப்போதைக்குத் தாங்கும். கேற் செய்யக் கொடுக்கும்போது, பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்) எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு என்று வெல்டிங் கடையில் எழுதி வாங்குங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மெல்லியதும் தடித்ததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விலை குறைத்துச் சொல்பவர் பெரும்பாலும் அதில்தான் குறைக்கிறார்.

கூலியைச் சதுர அடிக்குப் பேசுவீர்களென்றால், கதவு யன்னல் வாய்களைக் கழித்து அளப்பதா, கழிக்காமலா என்பதைத் தொடங்க முன்னரே தீருங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சீஆர் கொப்பியில் ஒரு பக்கம் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் போதும். சாமானை நீங்களே வாங்குங்கள், கூலியை வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசிப் பங்கை முதல் பெருமழை கழிந்த பிறகுதான் தருவேன் என்று முதலே சொல்லிவிடுங்கள். கை சுத்தமான மேசன் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

கேள்வி: ஒரு லோட் மணல் என்று காசு வாங்கிக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியில் பாதிதான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கேட்டால் "எல்லா இடமும் இதுதான் லோட்" என்கிறார்கள். (வாசகர், மாங்குளம்)

பதில்: லோட் என்பது ஓர் அளவே இல்லை. கியூப் கணக்கில் பேசுங்கள். ஒரு கியூப் 100 கன அடி. கொட்ட விடுவதற்கு முன் நாடாவை எடுத்துப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் பிரியுங்கள். 8 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரமென்றால் 60 கன அடி, அரைக் கியூபுக்குச் சற்றுக் கூட. அவ்வளவுக்குத்தான் காசு. கொட்டிய பிறகு குவியலை அளந்து வழக்காடிப் பயனில்லை.

மணல் ஏற்றிவர அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் இரவில் வரும் மலிவு மணல் பாதி வழியில் பிடிபட்டால் நீங்கள் கொடுத்த முற்பணமும் அதோடு போகும். தரம் பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஓரிரண்டு மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். மேலே படியும் சேறு மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பூச்சுக்கு அதை எடுக்காதீர்கள். கரையோரத்து மணலென்றால் உப்பும் இருக்கும். பூசிய சுவர் பிறகு வெள்ளையாகப் பூக்கும்.

கேள்வி: 400 சதுர அடிக்கு 2க்கு 2 (அடி) மாபிள் 25 பெட்டி வாங்கினேன். கடைக்காரர்தான் கணக்குப் போட்டார். பதிக்கும்போது போதாமல் போய்விட்டது. திரும்ப வாங்கிய பெட்டி நிறம் பொருந்தவில்லை. (வாசகர், நெடுங்கேணி)

பதில்: 2க்கு 2 என்று வாயால் சொல்கிறோமே தவிர அந்தக் கல் 60 சென்ரிமீற்றர்தான். 2 அடிக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைவு. நாலு கல் உள்ள பெட்டி 16 சதுர அடி அல்ல, 15.5. பெட்டியிலேயே 1.44 சதுர மீற்றர் என்று அடித்திருப்பார்கள், பாருங்கள். உங்கள் 25 பெட்டியும் 387 சதுர அடி சொச்சம்தான். ஓரம் வெட்டும்போது உடைவதையும் சேர்த்தால் 27 பெட்டியாவது வேண்டும். கடையில் விலையைச் சதுர அடிக்குச் சொல்லிப் பெட்டியை 16ஆகக் கணக்கிட்டால், பெட்டிக்கு அரைச் சதுர அடிக் காசு சும்மா போகிறது.

நிறத்துக்கு வருவோம். பெட்டியின் பக்கவாட்டில் நிற இலக்கமும் தொகுதி இலக்கமும் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் அவை ஒன்றாக இருக்கிறதா என்று லொறியில் ஏற்ற முன்னர் பாருங்கள். உங்களிடம் பழைய பெட்டி மட்டை மிச்சமிருந்தால் அந்த இலக்கத்தைச் சொல்லி வேறு கடைகளிலும் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் புதிய கல்லைக் கட்டிலுக்கடியிலோ சாமான் அறையிலோ பதித்துவிட்டு, அங்கே பதிக்க வைத்திருந்த பழையதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பதித்துவிட்ட கல்லென்றால் அதற்கும் வழியில்லை.

கேள்வி: தண்ணீர்த் தாங்கி வாங்கி இரண்டு மாதத்தில் வெடித்துவிட்டது. உத்தரவாத அட்டை இருக்கிறது, பற்றுச்சீட்டு இல்லை. கடைக்காரர் கையை விரிக்கிறார். (வாசகி, செட்டிகுளம்)

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருந்தால் அதுவே பெரிய சாட்சி. தாங்கி, வெடிப்பு, அடிப்பக்க இலக்கம் மூன்றையும் படம் எடுத்து, வவுனியாக் கச்சேரியிலுள்ள அதிகார சபை அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், உங்களுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. தாங்கி எதன்மேல் இருந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். 1000 லீற்றர் நிரம்பினால் ஒரு தொன் பாரம். அடி முழுவதும் படியாத இரும்புச் சட்டத்தில் வைத்திருந்தால் கம்பனி அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: முதிரைக் கதவு அரைவிலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், துணுக்காய்)

பதில்: மரம் எங்கே தறித்தது, ஏற்றிவந்த அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேளுங்கள். காட்டினால் வாங்கலாம். காட்டாவிட்டால் வேப்பம் பலகை போதும், அதைக் கறையானும் இலேசில் தொடாது.