பிளக்கில் செருகும் பெட்டி கரண்ட் பில்லைக் குறைக்குமா?

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் வருகிறது. பிளக் பாயின்ட்டில் செருகினால் பில் 40 சதவீதம் குறையும் என்று ஆன்லைனில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா? போன் சார்ஜரைச் செருகியே வைத்திருப்பதுதான் காரணம் என்று மகன் வேறு சண்டை போடுகிறான்.

பதில்: வாங்காதீர்கள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கித் திருப்பி விடும் சின்னப் பாகம்) குட்டி விளக்கும்தான் இருக்கும். தொழிற்சாலைகளில் கெப்பாசிட்டர் வைப்பதற்குக் காரணம் உண்டு. இழுக்கிற கரண்டில் எவ்வளவு பங்கு நிஜ வேலைக்குப் போகிறது என்ற அளவுதான் பவர் ஃபேக்டர். அது குறைந்தால் அவர்களுக்கு அபராதம். வீட்டு மீட்டரோ நிஜமாகச் செலவான யூனிட்டை மட்டும்தான் எண்ணுகிறது. அதைப் பெட்டி குறைக்காது. அந்தக் குட்டி விளக்கு எரிவதும் உங்கள் கரண்டில்தான்!

மகன் சொல்வது தப்பில்லை, ஆனால் சில்லறைக் கணக்கு. சும்மா செருகியிருக்கும் சார்ஜர் இரண்டு மாதத்துக்கு அரை யூனிட் எடுத்தாலே அதிகம். செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் இழுக்கிற பாக்ஸ்கள் நிறைய உண்டு. தினம் நாலு மணி நேரம் டிவி ஓடுகிற வீட்டில், மீதி 20 மணி நேரம் சுவிட்சிலேயே அணைத்தால் 60 நாளில் 12 யூனிட் மிச்சம். திரும்பப் போட்டால் படம் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் யாரும் அணைப்பதில்லை.

உங்கள் வீட்டுக்கு 20 யூனிட் ரொம்ப முக்கியம். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடுகிறது.

அதனால் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, அதிக நேரம் ஓடும் அறைக்கு ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ளது) வாங்குங்கள். பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், இது 30 வாட் அளவில். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட்டுக்கு மேல் குறையும். 2023 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். ஆனால் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் வாட், காற்றின் அளவு இரண்டையும் படியுங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கும் வாரன்ட்டி உண்டா என்று கேளுங்கள். பழுதானால் கையைக் கடிப்பது அதுதான்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் வேகம் கூட்டக் குறைக்க ரிமோட்தான். அதைத் தொலைக்காமல் வைத்திருக்கும் பொறுப்பை மகனிடமே கொடுத்துவிடுங்கள்.